இயற்கை ஆசான் மா. கிருஷ்ணன்

நாட்டுக்கு நலம் செய்தோரை நினைவிற் கொள்ளுதல் நன்றியுடைய மக்களின் இயல்பு. 1906-ஆம் ஆண்டில் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரையின் பெயரை நாஞ்சில் நாட்டு உழவர் இன்றும் மறந்தாரில்லை. தண்ணீர் தந்தவரைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றுகிறோம். கல்விச்சாலை நிறுவியவருக்குப் படம் திறக்கிறோம்; கவி பாடியவருக்கு மணிமண்டபம் எழுப்புகிறோம். ஆனால், குளக்கரையில் நிற்கும் ஒரு நாரையை நின்று பார்க்கவும், பார்த்து மகிழவும், மகிழ்ந்து அதனைக் காக்கவும் ஒரு மக்கட் கூட்டத்துக்குக் கற்றுக்கொடுத்தவரை எவ்வாறு போற்றுவது? அத்தகைய ஒருவரைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். அவர் பெயர் மா. கிருஷ்ணன்.

நேயர்களுள் சிலர், அவர் நம் மாவட்டத்தவரா என்று வினவலாம். அவர் 1912-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 30-ஆம் நாள் திருநெல்வேலியிற் பிறந்தவர், சென்னையில் வளர்ந்தவர். ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்தால் நமக்கு அடுத்த வீடு திருநெல்வேலி. எனவே அண்டை வீட்டாரைப் பாராட்டும் உரிமை நமக்கு உண்டு. அன்றியும், அவர் கற்பித்த பாடம் எந்த நிலத்துக்கும் பொருந்துவது. நம் நிலத்துக்கோ மிக மிகத் தேவையானது. ஏன் என்பதை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

நாஞ்சில் நாடு என்பது தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களும் சேர்ந்த வயல் நாடு. மேற்கு மலைத்தொடர் தெற்கே வந்து முடியும் இடமும், கடல் மூன்று பக்கம் சூழும் முனையும் இங்கே சில மைல் தொலைவில் அடுத்தடுத்து அமைந்துள்ளன. மலைக்காடு, மலையடிவாரத் தோப்பு, நெல்வயல், தாமரைக்குளம், ஆற்றுக் கழிமுகம், உப்பளம், கடற்கரை ஆகிய இத்தனையையும் ஒரு மனிதன் ஒரே நாளிற் பார்த்துவிடலாம். நிலம் இவ்வாறு பலவகைப்படின் அதில் வாழும் உயிரும் பலவகைப்படும் என்பது கூறாமலே விளங்கும். கும்பப்பூ நெல் வளரும் பருவத்தில் வடதிசையிலிருந்து நீலச்சிறகி, ஊசிவால் வாத்து முதலிய விருந்தினர் சுசீந்திரம், தேரூர்க் குளங்களில் வந்து இறங்குகின்றனர். பழையாறு கடலோடு கலக்கும் மணக்குடிக் காயலிலும், புத்தளத்து உப்பளங்களிலும் பூநாரையைக் கண்டவர் உண்டு.

இவ்வருகை நேற்றுத் தொடங்கியதன்று. புறநானூற்றின் 67-ஆம் பாட்டில் பிசிராந்தையார் அன்னச் சேவலொன்றை அழைத்துப் பேசுகிறார். அப்பறவை குமரித் துறையில் அயிரை மீனை உண்டு வடமலை நோக்கிப் பறப்பதாக அவர் கருதுகிறார். பிற்காலத்தவரான சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விடுங்கால், அதுவும் தன் பெடையோடு தென்குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்புவதாகவே பாடுகிறார். பறவைகள் பருவந்தோறும் தெற்கே வந்து வடக்கே மீளும் செய்தியையும், அவற்றின் தென்னெல்லை குமரி என்பதையும் நம் முன்னோர் அறிந்திருந்தனர். ஐரோப்பாவிலோ, குளிர்காலத்திற் குருவிகள் எங்கே மறைகின்றன என்று தெரியாமல் அவை சேற்றுக்குள் உறங்குவதாகப் பல நூற்றாண்டுகள் நம்பியிருந்தனர் என்பதை ஈண்டு நினைத்துப் பார்க்கலாம்.

இத்தகைய நாட்டில், பறவைகளைப் பற்றிய முறையான பதிவு எவ்வாறு தோன்றியது? 1933-ஆம் ஆண்டில், திருவிதாங்கூர் அரசின் ஆதரவில், சலீம் அலி என்னும் பேரறிஞர் திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு சமத்தானங்களிலும் பறவைக் கணக்கெடுப்பை மேற்கொண்டார். நம் பகுதியில் ஆரல்வாய்மொழியும் கன்னியாகுமரியும் அவர் கண்டு சென்ற இடங்களுள் அடங்கும். அவர் கண்டவை முதலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளிவந்தன. பின்னர் 1953-இல் ‘திருவிதாங்கூர்-கொச்சிப் பறவைகள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூலாயின. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் நம் நான்கு வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்தன. நூலின் அடுத்த பதிப்பு 1969-இல் வந்தபோது அதன் பெயர் ‘கேரளப் பறவைகள்’ என மாறியது. ஆகவே, குமரி மாவட்டத்துப் பறவைகளை அறிய விரும்பும் தமிழ் மாணவன், அயல் மாநிலத்தின் பெயர் தாங்கிய ஆங்கில நூலைத் தேடவேண்டியவனானான்.

இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. சலீம் அலியின் பணி ஈடிணையற்றது. ஆயினும் ஆராய்ச்சி நூல் செய்யும் பணி வேறு. பொதுமக்கள் நெஞ்சில் ஆர்வத்தை விதைக்கும் பணி வேறு. எந்த எந்தப் பறவை எங்கெங்கே உண்டு என்று முன்னது உரைக்கும். ‘இது உன் பறவை, உன் வீட்டு முருங்கையில் உட்கார்ந்திருக்கிறது, வெளியே வந்து பார்’ என்று பின்னது கைபிடித்து அழைக்கும். அவ்வாறு கைபிடித்து அழைத்தவருள் தலையாயவர் கிருஷ்ணன்.

அவருடைய தந்தையார் அ. மாதவையா. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அதே மாதவையாதான். உப்பு இலாகாவிற் பணிபுரிந்து, விருப்ப ஓய்வு பெற்று, அச்சகம் நிறுவி, ‘பஞ்சாமிர்தம்’ என்னும் இதழை நடத்தியவர். 1925-ஆம் ஆண்டு அக்டோபரில், சென்னைப் பல்கலைக்கழகச் செனட் மண்டபத்தில், பட்டப்படிப்பில் தமிழுக்கு உரிய இடம் வேண்டுமென்று பேசிய அன்றே உயிர் நீத்தார். எட்டு மக்களுள் இளையவரான கிருஷ்ணனுக்கு அப்போது வயது 13. தாய்மொழிக்காகப் பேசியபடியே மறைந்த தந்தையின் நினைவு, அவர் உள்ளத்தில் எத்தகைய தடத்தைப் பதித்திருக்கும் என்பதை நாமே உய்த்துணரலாம்.

அக்காலத்து மயிலாப்பூர் இன்றைய மயிலாப்பூர் அன்று. வீட்டைச் சூழப் புதரும் வெளியும் இருந்தன, நரி ஊளையிட்டது, வெளிமானும் தொலைவில் இல்லை. சிறுவன் கிருஷ்ணன் கீரிப்பிள்ளையொன்றை வளர்த்தான். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிற் படித்த பின், 1927-இல் மாநிலக் கல்லூரியிற் சேர்ந்தான். அங்கே தாவரவியற் பேராசிரியராக இருந்தவர் பைசன். நீலகிரி, பழனி மலைகளின் உச்சித் தாவரங்களைப் பற்றி நூல் எழுதியவர் அவர். மலைப்பயணங்களில் அவர் இம்மாணவனையும் உடன் அழைத்துச் சென்றார். அவர் மனைவியார் நீர்வண்ண ஓவியம் கற்பித்தார். ஆசிரியர் ஒருவர் வகுப்பறைக்கு வெளியே மாணவனோடு நடந்த நடை, பிற்காலத்தில் எத்தனை ஆயிரம் பேரை வெளியே நடக்கவைத்தது பாருங்கள்!

கிருஷ்ணன் எம். ஏ. பட்டமும் சட்டப் பட்டமும் பெற்றார். ஆயினும் வழக்குமன்றம் அவரை ஈர்க்கவில்லை. எழுத்தும் ஓவியமுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. 1942-இல் பெல்லாரியை அடுத்த சந்தூர் சமத்தானத்திற் பணியேற்றார். அங்கே அவர் வகித்த பதவிகளைக் கேட்டால் வியப்பு உண்டாகும்: பள்ளி ஆசிரியர், நீதிபதி, விளம்பர அலுவலர், அரசரின் அரசியற் செயலாளர். இடையே ஆடு வளர்த்துப் பார்த்தார். புறாக்களைப் பழக்கித் தபால் அனுப்பும் முயற்சியிலும் ஈடுபட்டார். பதவிகள் மாறினாலும் சந்தூர்க் காடும் குன்றும் மாறவில்லை. அங்கேதான் அவர் கண்ணும் காதும் கூர்மை பெற்றன. 1949-இல் அச்சமத்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. கிருஷ்ணன் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எவரிடமும் மாதச் சம்பளம் பெறும் வேலையை நாடாது, எழுத்தையும் ஒளிப்படத்தையும் நம்பியே வாழ்ந்தார். குடும்பம் உடைய ஒருவர் அந்நாளில் இவ்வாறு துணிவது எளிதன்று.

1950-ஆம் ஆண்டில், கல்கத்தாவிலிருந்து வெளிவரும் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒருமுறை ‘கிராமியக் குறிப்பேடு’ என்று பொருள்படும் ஆங்கிலப் பகுதியொன்றை எழுதத் தொடங்கினார். 1996-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் அவர் மறையும் வரை, 46 ஆண்டுகள் அது தொடர்ந்தது. ஒரே தலைப்பில், ஒரே பொருளைப் பற்றி, தம் கையாலேயே கோட்டோவியமும் வரைந்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டு எழுதியவர் உலகில் எத்தனை பேர் இருப்பர்?

இனி, அவர் எழுதிய முறையைச் சற்று ஆராய்வோம். நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், கற்பித்தலின் நெறிகள் என்று சிலவற்றை எங்களுக்கு மனப்பாடம் செய்வித்தனர். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க. அண்மையிலிருந்து சேய்மைக்குச் செல்க. காட்சிப்பொருளிலிருந்து கருத்துப்பொருளுக்குச் செல்க என்பன அவை. தேர்வில் இவற்றை எழுதாத ஆசிரியர் இல்லை; வகுப்பிற் கடைப்பிடிப்போர் சிலரே. கிருஷ்ணனுடைய கட்டுரைகளைப் படிக்கும்போது, இம்மூன்று நெறிகளும் உயிர்பெற்று நடப்பதைக் கண்டேன்.

காட்டு விலங்கென்றால் புலி, சிங்கம் என்று தொடங்குவது எழுத்தாளர் பலரின் வழக்கம். கிருஷ்ணன் புலியையும் எழுதினார். யானையைப் பற்றி அவருக்கு இருந்த அறிவோ மிக ஆழமானது. ஆனால் அவர் மீண்டும் மீண்டும் எழுதியது காகம், அணில், பல்லி, ஆந்தை, வெள்ளாடு, நாட்டு நாய் ஆகியவற்றைப் பற்றியே. நகரத்துத் திண்ணையில் உட்கார்ந்தபடி காணக்கூடியவை இவை. துப்பாக்கியும் ஜீப்பும் இல்லாத ஏழைக்கும் இவை எட்டும். இயற்கையை நுகர்வது செல்வரின் பொழுதுபோக்கன்று, கண்ணுடைய ஒவ்வொருவருக்கும் உரிய இன்பம் என்னும் உண்மையை அவர் உபதேசமாகச் சொல்லாமல், எடுத்துக்கொண்ட பொருளாலேயே உணர்த்தினார்.

இரண்டாவதாக, அவர் பிறர் சொன்னதை அப்படியே ஒப்பித்தவர் அல்லர். கண்டதை எழுதினார். கண்ட காலத்தையும் இடத்தையும் மனத்திற் கொண்டு எழுதினார். கேள்விப்பட்ட கதையைக் கேள்விக்குட்படுத்தினார். மனிதருடைய குணங்களை விலங்கின் மேல் ஏற்றிக் கண்ணீர் வரவழைக்கும் முறை அவருக்கு ஆகாது. ஆயினும் அவர் நடையிலே நகைச்சுவை இருந்தது. அறிவியலின் கண்டிப்பும் இலக்கியத்தின் இனிமையும் ஓரிடத்திற் கூடுவது அரிது, அவரிடம் கூடின.

மூன்றாவதாக, தமிழ். அவருடைய பெரும்பகுதி எழுத்து ஆங்கிலத்தில் அமைந்தது உண்மையே. ஆயினும் தமிழிதழ்களிலும் அவர் இயற்கையைப் பற்றி எழுதினார். 1954 முதல் பெ. தூரனை முதன்மையாசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கும் அவர் கட்டுரை வழங்கியுள்ளார். அவர் மறைவுக்குப் பின், சு. தியடோர் பாஸ்கரன் அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் திரட்டி, 2002-இல் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாகப் பதிப்பித்தார். பறவைக்கு மக்கள் வழங்கும் பெயர் இருக்க, ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்துப் புதுப்பெயர் சூட்ட வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை என்பது அந்நூலைப் படிப்போர்க்குப் புலனாகும். சங்கப் புலவர்களின் கூர்த்த நோக்கில் அவருக்குப் பெருமதிப்பு உண்டு.

இந்தப் பெயர்ச் செல்வத்தைப் பற்றி நான் ஆசிரியனாகக் கண்ட ஒன்றை இங்கே கூறுவது பொருந்தும். எட்டாம் வகுப்பு மாணவர்களை ஒருமுறை தாமரைக்குளக் கரைக்கு அழைத்துச் சென்றேன். இலைமேல் நீண்ட விரல்களை ஊன்றி நடக்கும் தாமரைக்கோழி ஒன்று அங்கே இருந்தது. அதற்கு வால் நீண்டு வளைந்திருந்தது. சற்றுத் தொலைவில் வால் குறுகிய வேறொன்றும் நின்றது. முதல் மதிப்பெண் வாங்கும் மாணவர்கள் அவற்றை இரு வேறு பறவைகள் என்றனர். தேர்வுகளில் எப்போதும் பின்தங்கிய ஒரு பையன் மட்டும், “ஸார், ரெண்டும் ஒண்ணுதான். அதுக்கு மழைக்காலத்துல வால் நீளும். அப்புறம் உதிர்ந்து போயிரும். முட்டை எலைமேலதான் கெடக்கும். நாலு இருக்கும்” என்றான். அவன் தந்தையார் குளத்திற் பூப்பறித்துத் தோவாளைச் சந்தைக்கு அனுப்புபவர். அவன் சொன்னது முற்றும் சரி. அந்தப் பறவையில் ஆணே அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் என்னும் செய்தியை மட்டும் நான் கூட்டினேன். அன்றைய வகுப்பில் ஆசிரியன் அவனே. அவ்வளவு அறிவு அவனிடம் இருந்தும், அதை அளக்கும் வினா எந்த வினாத்தாளிலும் இல்லை. முக்குளிப்பான், நாமக்கோழி, கூழைக்கடா, உள்ளான் என்று அவன் வாயிலிருந்து வந்த பெயர்கள், மற்ற பிள்ளைகளுக்கு அயல்மொழிச் சொற்களைப்போல் ஒலித்தன. துருவத்துப் பென்குயினை அவர்கள் எல்லாரும் அறிந்திருந்தனர்.

இது பிள்ளைகளின் குற்றமன்று. அண்மையை விட்டுச் சேய்மையைக் கற்பித்தோம். அவர்களும் சேய்மையைக் கற்றனர். பெயர் தெரியாத அண்டை வீட்டாரின் வீடு இடிந்தால் நாம் வருந்துவதில்லை. பெயர் தெரியாத பறவையின் குளம் தூர்ந்தாலும் அப்படியே. கிருஷ்ணன் வாழ்நாள் முழுதும் செய்த பணி இந்த அறிமுகப் பணியே எனலாம்.

அவருடைய புகழ் எழுத்தோடு நிற்கவில்லை. ஒளிப்படக் கலையில் அவர் தனிவழி நடந்தார். கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். ஒரு கருவியின் உடலையும் வேறொன்றின் வில்லையையும் பிற உறுப்புகளையும் தாமே இணைத்துப் பெரியதொரு கருவியை அமைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் இட்டார். 1968-இல் ஜவாஹர்லால் நேரு ஆய்வு நல்கை பெற்றுத் தென்னிந்தியத் தீபகற்பத்தின் பெரிய பாலூட்டி விலங்குகளைக் காடு காடாகச் சென்று ஆராய்ந்தார். அவ்வாய்வை 1975-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் நூலாக வெளியிட்டது. இந்திய வனவுயிர் வாரியத்திலும் பல்லாண்டு உறுப்பினராக இருந்தார். பத்மஸ்ரீ விருதும், 1995-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் ‘குளோபல் 500’ என்னும் சிறப்பும் அவரை அடைந்தன.

கொள்கையில் அவர் விட்டுக்கொடாதவர். நம் மண்ணுக்குரிய மரமும் விலங்குமே இந்நாட்டின் அடையாளம் என்று அவர் கருதினார். வெளிநாட்டு அழகுமரங்களைச் சாலையோரம் நட்டு, நாட்டு மரங்களைப் புறக்கணிப்பதைக் கடிந்தார். தேசப்பற்று என்பது கொடியோடும் பாட்டோடும் முடிவதன்று. புங்கையையும் வேம்பையும் புள்ளிமானையும் நேசிப்பதும் தேசப்பற்றே என்பது அவர் எண்ணத்தின் சாரம். நம் மாவட்டத்து மலைச்சரிவுகளைப் பார்ப்போர் இதனை எளிதில் உணர்வர். ரப்பர்த் தோட்டம் தொலைவிலிருந்து பச்சைக் காடுபோலவே தோன்றும். உள்ளே நடந்தால் பறவையொலி அருகிவிடும். பிரேசிலிலிருந்து வந்த அம்மரம் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது காடாகாது. பச்சையெல்லாம் காடன்று என்னும் தெளிவு நமக்கு வேண்டும்.

காட்டைக் காட்டுக்கே விட்டுவிட வேண்டும், காப்பிடங்களில் மனிதர் தலையீடே கூடாது என்பதிலும் அவர் மிகக் கண்டிப்பானவர். இவ்விடத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பேச்சிப்பாறைக்கு மேலுள்ள மலைகளில் காணிக்காரர் காலங்காலமாக வாழ்கின்றனர். எந்தப் பச்சிலை எங்கே முளைக்கும், எந்த மரத்தில் தேன் கூடும் என்பதை அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. அவர்களை வெளியாராக எண்ணிக் காட்டைக் காக்க முடியுமென்று நான் கருதவில்லை. ஆசான் சொன்ன யாவற்றையும் ஏற்பதே மாணவனின் கடமை என்பதில்லை. தாமே கண்டு தாமே தெளிய வேண்டுமென்று கற்பித்தவரிடம் நாம் மாறுபடுவதும் அவர் வழியிற் செல்வதேயாகும்.

அவர் விதைத்த விதை வீணாகவில்லை. அவரைப் படித்தே பலர் பறவை நோக்கத் தொடங்கினர். அவருடைய ஆங்கிலக் கட்டுரைகளைத் திரட்டி வரலாற்றாசிரியர் இராமச்சந்திர குகா 2000-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். சென்னை இயற்கையாளர் சங்கம் இயற்கை எழுத்துக்கென அவர் பெயரில் பரிசு ஒன்றை ஏற்படுத்தியது. தமிழிற் சூழலியல் எழுதும் இன்றைய இளைஞர் பலருக்கு, பாஸ்கரன் வழியாக, கிருஷ்ணனே முன்னோடி.

நம் மாவட்டத்துக்கு வருவோம். 2008-இல் கன்னியாகுமரி வனவுயிர்ச் சரணாலயம் அமைந்தது. மலைக்காட்டில் ஏறக்குறைய 402 சதுர கிலோமீட்டர் அதனால் காப்புப் பெற்றது. 2022-இல் சுசீந்திரம்-தேரூர் ஈரநிலத் தொகுதி, ராம்சர் உடன்படிக்கையின்படி உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் இடம்பெற்றது. இவை மகிழ்ச்சிக்குரிய செய்திகளே. ஆனால் பட்டியலில் ஏறிய குளங்கள் சில. பட்டியலில் ஏறாத ஊர்க்குளங்கள் எத்தனையோ! சரணாலயத்துக்கு எல்லைக்கல் உண்டு. வயலுக்கும் குளத்துக்கும் அத்தகைய காவல் இல்லை. கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைந்த வயல்களில் பல, வீட்டுமனைகளாயின. அங்கே மாட்டின் பின்னால் நடந்த உண்ணிக்கொக்குக்கு இன்று மாடும் இல்லை, வயலும் இல்லை. வயல் போனால் குளத்துக்குப் பயனில்லை. பயனற்ற குளம் குப்பைமேடாகும். குப்பைமேட்டுக்கு வடதிசை விருந்தினர் வாரார். காரணமும் காரியமும் இவ்வாறு சங்கிலியாய்த் தொடர்கின்றன.

சட்டம் இவற்றைத் தனியே காக்குமா? காவாது. அதற்கு ஒரு சான்று நம் அண்டை மாவட்டத்திலேயே உண்டு. திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்தில், நாரைகளும் பிற நீர்ப்பறவைகளும் ஊர்நடுவிலுள்ள மரங்களிலேயே கூடு கட்டும். எச்சமும் நாற்றமும் கூச்சலும் இருந்தும் ஊரார் அவற்றை விரட்டுவதில்லை; தீபாவளிக்கு வெடியும் வெடிப்பதில்லை. அரசு அதனைச் சரணாலயமாக அறிவித்தது 1994-இல். ஊரார் பறவைகளை விருந்தினராக ஏற்றதோ அதற்கு நெடுங்காலம் முன்பே. முன்னே நடந்தது மக்களின் அன்பு. பின்னே வந்தது அரசின் ஆணை. அந்த அன்பு அறிமுகத்தால் விளைவது. கிருஷ்ணனைப் போன்றோர் செய்தது அந்த அறிமுகத்தை ஊர்தோறும் வீடுதோறும் பரப்பும் தொண்டு.

ஆகவே, அவருக்கு நாம் செய்யத்தக்க சிறப்பு யாது? சிலை வேண்டா என்பேன். அதன்மேல் அவர் விரும்பிய காகங்கள் அமரும் என்பது ஒன்றே அதனால் ஆகும் பயன். நம் பள்ளிகள் ஒவ்வொன்றும், தத்தம் ஊர்க்குளத்தையே இயற்கைப் பாடத்தின் முதல் பக்கமாகக் கொள்ளட்டும். எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது, எத்தனை வந்தது, எப்போது சென்றது என்பதைப் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். பத்தாண்டு எழுதினால் அக்குறிப்பேடே அந்தக் குளத்துக்கு அரணாகும். ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று சொல்லிக் குளத்தைத் தூர்க்க வருவோரிடம், ‘இங்கே இன்னின்னவை உண்டு’ என்று காட்ட அது உதவும். ஊரிலுள்ள முதிய உழவரிடமும் வலைஞரிடமும் பூப்பறிப்போரிடமும் சென்று, பறவைகளுக்கும் மீன்களுக்கும் செடிகளுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டு எழுதி வைக்கட்டும். அவர்கள் மறைந்தபின் அப்பெயர்களை எந்த நூலகத்திலும் தேடிப் பெற இயலாது.

இதற்கெல்லாம் பெரும்பொருள் வேண்டியதில்லை. தொலைநோக்கி இருந்தால் நன்று. இல்லையேல் இரு கண்கள் போதும். நாளைக் காலை நேயர்கள் தத்தம் ஊர்க்குளத்துக்கு ஒருமுறை நடந்து சென்று, அங்குக் காணும் பறவைகளுள் ஐந்தின் பெயரைத் தம் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். ஐந்து தெரியவில்லையாயின், கரையில் மாடு குளிப்பாட்டுபவரைக் கேளுங்கள், அவர் சொல்வார்.